ரிமோட்டின் முதுகில் மூன்று எண்கள்

"அப்பா, என் சர்டிபிகேட்டக் குடுங்க." இதை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே என்று அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். கேட்டுவிட்டேன். அப்பா சோபாவை விட்டு அசையவில்லை. பீரோ சாவி அவர் சட்டைப்பையில் கனக்கிறது. "மொதல்ல இந்த ரிமோட்ட முடி. வெளியூர் வேலைக்குப் போயி என்னத்தக் கிழிக்கப்போற?" டிவி, பிளேயர், ஸ்பீக்கர் மூன்றுக்கும் இனி இந்த ஒரே ரிமோட்தான். குறிப்புத்தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. இந்த வீட்டில் அதைப் படிக்க நான் ஒருத்திதான். ஜன்னல் வெயில் திரையில் பட்டுக் கண் கூசுகிறது. சிவப்பு விளக்கு எரியும்வரை பொத்தானை அழுத்திப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் தாளில் உள்ள நான்கு இலக்க எண்ணைத் தட்டுகிறேன். டிவி விழிக்கிறது. பிளேயர் வாயைத் திறக்கிறது. ஸ்பீக்கர் மட்டும் முரண்டு பிடிக்கிறது. வண்டிக்கு இன்னும் முக்கால் மணி நேரம். "பட்டம் வாங்குன கையி, ஒரு பெட்டியப் பேச வெக்க முடியல." ரிமோட்டைப் பிடுங்கி இஷ்டத்துக்குக் குத்துகிறார். பதிந்ததெல்லாம் அழிந்துபோகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன். கடைசியில் ஸ்பீக்கர் உறுமுகிறது. மூன்று எண்களையும் பிளாஸ்திரியில் எழுதி, ரிமோட்டின் முதுகில் ஒட்டுகிறேன். "அழிஞ்சா இதப் பாத்து அடிங்க. நம்பர் உங்களுக்குப் படிக்கத் தெரியும்." "அதான் நீ இருக்கியே?" நேற்றே கட்டிவைத்த பை கதவருகில் இருக்கிறது. சர்டிபிகேட் பீரோவிலேயே இருக்கட்டும். நகல் கேட்டுக் கல்லூரிக்கு எழுதிப்போட எனக்குத் தெரியும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்குகிறேன். பின்னால் ஸ்பீக்கர் சத்தம் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது.