கட்டிக்கு மேல் ரிப்பன்

இப்போதெல்லாம் சனங்களுக்கு ஒரு தும்மல் வந்தால்கூட மிஷினிடம் காட்டாமல் தூக்கம் வருவதில்லை என்று பவுன்ராசுக்கு எரிச்சல். ஆனாலும் அவர் மார்பில் கட்டியைப் பார்த்துவிட்ட மனைவி வெள்ளத்தாயி விடவில்லை. பஸ் ஸ்டாண்டில் மார்பகப் புற்றுநோய்க்கு நிதி திரட்டும் ரோபோவிடம் பவுன்ராசு வந்து சட்டையை விலக்கினார்.

“இந்தா கட்டி. என்னன்னு பாரு.”

“அருமை ஐயா. பெண்களுக்காக ஆண்கள் இப்படி நெஞ்சைத் திறந்து முன்வரணும்.”

“கட்டி எனக்குத்தாம்மா.”

“உங்க அக்கறை புரியுது. வீட்டுப் பெண்களைக் கூட்டிட்டு வாங்க, இலவசமா சோதிக்கிறோம்.”

ரோபோ அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, கட்டிக்கு மேலேயே இளஞ்சிவப்பு ரிப்பனைக் குத்தியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

பவுன்ராசு மனைவிக்குப் போன் போட்டார்.

“ஆம்பளைக்கும் வரும்னு குதிச்சியே. உன்னையத்தான் கூட்டிட்டு வரச் சொல்லுது,” என்று சொல்லிவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்.