நவம்பரில் வந்த கலிபோர்னியா அணி

மினசோட்டாவில் பனி கொட்டுகிறது. கல்லூரி மைதான வாசலில் நிற்கும் பேருந்திலிருந்து கலிபோர்னியக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள், மலை மலையான ஆட்கள், கோழிக்குஞ்சுகளாய் ஒடுங்கி இறங்குகிறார்கள். சிவந்த காதுகளில் ரொட்டியே சுடலாம். மைதானத்தில் பனி வாரும் உள்ளூர்க்காரி, எழுபது வயது வெர்னா ஹாகன், மண்வெட்டியோடு பூரித்து நிற்கிறாள். நான்கு வருடமாக ஆட்ட அட்டவணை அவள் ஊர்ப் பிள்ளைகளைத்தான் கலிபோர்னியா வெயிலுக்கு அனுப்பியது. லீக் அலுவலகத்துக்கு ஒரு லாரி கடிதம் எழுதினாள். இன்றுதான் அவர்கள் முதன்முறையாக இங்கே வருகிறார்கள். பற்கள் தந்தியடிக்க அவர்களின் பயிற்சியாளர் முனகுகிறார்: "இந்தக் குளிர்ல ஆட விடுறது நியாயமாம்மா?"

"நியாயம் கேட்டுத்தான் தம்பி நாலு வருஷமா எழுதினேன். உள்ள வாங்க. உங்க பெஞ்சுல மட்டும் இன்னும் பனி வாரலை."

ஆட்டம் தொடங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. வெர்னா இப்போதே ஜெயித்துவிட்டாள்.