பத்தொன்பது மாத்திரைகள்

அந்த அறையில் இருந்தவர்கள்: ஐந்து வாரக் குழந்தை ஜூன், அதன் அம்மா கோரின், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த எல்வியா. சுவரில் இருந்த டிவியில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தவன், கோரினின் கணவன், நடிகன் வார்ட்.

டயப்பர் பெட்டிக்கு அடியிலிருந்து எல்வியா ஒரு குட்டிக் காலுறையை உருவினாள். கனத்தது. கவிழ்த்ததும் கட்டிலில் மாத்திரைகள் உதிர்ந்தன. பத்தொன்பது. சில ஓரம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

கோரின் பாய்ந்து வந்து அவற்றை இரண்டு கையாலும் மூடினாள். “வார்டுக்குத் தெரியக் கூடாது.”

“என்ன மாத்திரை மேடம்?”

“மனசுக்கு. பிரசவம் ஆனதுக்கு அப்புறம் வருமே, அதுக்கு.”

டிவியில் வார்ட் சோபாவின் நுனிக்கு நகர்ந்தான். “பிள்ளை பெத்தவளுக்கு மனசு சரியில்லன்னா உடனே மாத்திரையா? அது விஷங்க! வெயில்ல நடக்கச் சொல்லுங்க, நல்லா சாப்பிடச் சொல்லுங்க. என் வீட்டுக்குள்ள அந்த மாத்திரை வந்தா கழிப்பறையில கொட்டிட்டுத்தான் மறுவேலை.” கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

எல்வியா டிவியை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு மாதமாக எந்தச் சேனலைத் திருப்பினாலும் இதே முகம், இதே பேச்சு. அவனுடைய புதுப் படம் வருகிறது.

“நேத்து செருப்போட நீச்சல் குளத்துல இறங்கினீங்க மேடம். இடுப்பு வரைக்கும். பாப்பா கையில. நான் பார்க்கலேன்னா என்ன ஆயிருக்கும்?”

“ஞாபகம் இல்ல.”

“எங்க அக்காவும் இப்படித்தான் ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டிருந்தா. அப்புறம் அவளே இல்ல.” எல்வியா கதவை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். “சார் வர்றதுக்குள்ள ஒண்ணு போட்டுக்குங்க. தண்ணி கொண்டு வரேன்.”

“அப்புறம்.”

“சரி, இங்க வேணாம். கண்டுபிடிச்சிருவாரு.” எல்வியா மாத்திரைகளை மறுபடி காலுறைக்குள் அள்ளிப் போட்டு, அதைத் தன் சட்டைக்குள் மார்போடு சேர்த்துச் செருகிக்கொண்டாள். “இங்க தேட மாட்டாரு. தேடினா நாளைக்கு வேற மாதிரி நியூஸ்ல வருவாரு.”

கோரின் சிரிக்கவில்லை. வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

“அவர் டிவியிலதானே இருக்காரு?”

“அது நேத்து எடுத்தது.” கோரினின் உதடு வெளுத்திருந்தது. “இந்நேரம் ஷூட்டிங்ல இருக்கணும். ஏன் திரும்பி வர்றான்?”

படிக்கட்டில் காலடிகள் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தன. டிவியில் கால்மேல் கால் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவன் கதவை முட்டித் திறந்தான். மூச்சு வாங்கியது. வலது கையை இறுக்கி மூடியிருந்தான்.

“மத்ததெல்லாம் எங்க?” என்றான்.

எல்வியா அவனுக்கும் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றாள். அவன் பாதி உயரம்கூட இல்லை அவள். “மேடம் தூங்கப் போறாங்க சார்.”

“குழந்தையை எடுத்துக்கிட்டு வெளிய போ.”

“சார், அவங்களுக்கு உடம்பு...”

“வெளிய போன்னு சொன்னேன்!”

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். முதுகுக்குப் பின்னால் கதவு அறைந்து மூடியது. பூட்டு விழுந்தது.

தாழ்வாரத்தில் இருந்த போனை எடுத்தாள். ஒன்பது. ஒன்று. இன்னொரு ஒன்றுதான் பாக்கி. அழுத்தினால் போலீஸ் வரும், வேலை போகும், விசா இல்லாத அவளை ஊருக்கே அனுப்பிவிடுவார்கள். அழுத்தாவிட்டால் உள்ளே என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த அறைத் தொட்டிலில் குழந்தை அழுதால் கேட்பதற்கென்று இடுப்பில் ஒரு சின்ன ஸ்பீக்கர் மாட்டியிருந்தாள். அதில் கரகரவென்று அழுகை கேட்டது. குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கோரினின் அழுகையும் இல்லை. ஆம்பிளை அழுகை.

“கிளம்பறப்போ உனக்குப் போர்வையை இழுத்து விட்டேன்ல, கையில ஏதோ ஒட்டுச்சு. கார்ல போய்ப் பார்த்தா இந்த மாத்திரை.” வார்டின் குரல் உடைந்தது. “காலையில நான்தானே உன் வாயில போட்டேன், கோரின். தண்ணி குடிச்சியே. முழுங்கிட்டேன்னு வாயைத் திறந்து காட்டினியே. டாக்டரைத் திருட்டுத்தனமா பின்வாசல் வழியா கூட்டிட்டு வந்து, ஒரு நாள் விடாம என் கையால குடுத்தேனே. எத்தனை நாளா துப்பிட்டிருக்கே?”

எல்வியாவின் விரல் அப்படியே நின்றது. மார்பில் பத்தொன்பதும் குத்தின.

“சொல்லு. ஏன்?”

“நீதானே விஷம்னு சொன்னே.”

“ஐயோ, அது பேட்டி! படம் ஓடறதுக்காகப் பேசறது. அப்படிப் பேசினாத்தான் கைதட்டறாங்க, மறுபடி கூப்பிடறாங்க. நீ என் பெண்டாட்டி. உனக்குத் தெரியாதா?”

பிறகு கோரினின் குரல், தூக்கத்தில் பேசுவதுபோல.

“ரெண்டு வார்டும் வேற வேற சொன்னாங்க. நான் டிவியில இருக்கறவரை நம்பினேன்.”