ரெண்டு வருஷம் உழைக்கும்

கணவன் கார்ச் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிஸ்க்கை அளந்தான். தூக்கி எறிய வேண்டிய அளவுக்குத் தேய்ந்திருந்தது.

"மாத்தணுமா?" வாசற்படியிலிருந்தே கேட்டாள் மனைவி.

"வேண்டாம். இன்னும் ரெண்டு வருஷம் உழைக்கும்."

"பிரேக்கை மிதிச்சா ஸ்டீயரிங் உதறுதே?"

"நீ ஓட்டுற லட்சணம் அப்படி. அளந்தவன் நானா, நீயா?"

"நம்பி ஏறலாமா?"

"கண்ணை மூடிக்கிட்டு ஏறு. தொணதொணக்காம உள்ள போ!"

சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை உருவி எடுத்துவிட்டு நிமிர்ந்தான். கார்ச் சாவி அவன் காலடியில் வந்து விழுந்தது.

"விவாகரத்து ஆனதும் கார் எனக்கு, ஸ்கூட்டர் உங்களுக்குன்னுதானே பேசினோம்?" என்றாள். "மாத்திக்கலாம். இவ்வளவு நல்ல வண்டியை உங்ககிட்டேருந்து பிடுங்கின பழி எனக்கு எதுக்கு?"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அவன் மறுபடியும் ஜாக்கியைக் காருக்கு அடியில் தள்ளினான்.