மே மாதத்து மழை

“அர டன் ரோலரு சார்! நானும் இன்னொரு ஆளும் வெறுங்கையால தூக்கி மேடை மேல வச்சோம்!”

பட்டணத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கவிழ்ந்து கிடந்தபடி தேசப்பன் சொன்னதைக் கேட்டுச் சுவரிலிருந்த பல்லிகூடச் சிரித்திருக்கும். மேஸ்திரி ராஜமாணிக்கம் சிரித்தே விட்டார்.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை அவரைத் தேசப்பனோடு அனுப்பியதே இந்தப் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான். பொய் என்று டாக்டர் எழுதிவிட்டால், தேசப்பனுக்கு இன்றோடு வேலை இல்லை.

“கிரேன் தூக்குற சாமான் சார் அது. ஒரு மாசமா முதுகு வலி, காலு மரத்துப்போச்சுன்னு படம் காட்டிக்கினு கீறான். டேய், யார்றா அந்த இன்னொரு ஆளு? பேரச் சொல்லு!”

தேசப்பன் மேஸ்திரியை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

“மேஸ்திரி, உங்க இடது கால் செருப்பு வராந்தாவுலயே கழண்டு கெடக்குது. அதுகூடத் தெரியாமயா வந்தீங்க?” என்று நர்ஸ் கிரேஸ் செருப்பைக் கொண்டுவந்து போட்டாள்.

“அவசரம்மா.”

இரும்பு பீரோவுக்கு அண்ணன் போல நின்ற மிஷினை டாக்டர் சடகோபன் தட்டினார். “சும்மா இருக்கிற தசையில ஊசி குத்தினா இது பேசாம இருக்கணும். முதுகுத்தண்டுல டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்கியிருந்தா, ஸ்பீக்கர் கத்தும். இதுகிட்ட எவனும் நடிக்க முடியாது.”

தேசப்பனின் கெண்டைக்காலில் ஊசி இறங்கியது. தகரக் கூரையில் மழை கொட்டுவது போலச் சடசடவென்று ஒரே சத்தம். மே மாத வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, பக்கத்து வார்டு ஆயா கொடியில் காய்ந்த துணியை எடுக்க ஓடினாள்.

“மிஷினு ரிப்பேரு சார்! எவன் காலுல குத்துனாலும் இப்டித்தான் பேஜாரு பண்ணும்.”

“அப்போ உங்க கால்ல குத்திப் பார்த்துடுவோம். படுங்க.”

மேஸ்திரியின் முகம் செத்துவிட்டது. தேசப்பன் இறங்கி இடம் விட்டான்.

வலது காலில் ஊசி. மிஷின் மூச்சுகூட விடவில்லை.

“போதும் சார்” என்று எழுந்தவரை டாக்டர் தோளைப் பிடித்து அமுக்கினார். இடது காலில் ஊசி.

மழை கொட்டியது. தேசப்பனுடையதைவிடக் கனத்த மழை.

“உங்களுக்கு எப்போய்யா முதுகு போச்சு?”

தேசப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மேஸ்திரி மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு முனகினார்.

“ஒரு மாசம் ஆவுது சார். வெளிய தெரிஞ்சா எனக்கும் வேல போயிடுமேன்னுதான்... தூக்குனோம் சார். அந்தாண்ட முனையப் புடிச்சது நான்தான்.”