வலது கைக் கோடுகள்
புதுத் தெருவை எல்லாருக்கும் சுற்றிக்காட்ட முப்பது விநாடி வீடியோ ஒன்று போடத் துடிக்கிறாள் தங்கை. எதையெல்லாம் காட்டலாம் என்று அவள் தாளில் எழுத எழுத, தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அக்கா ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருகிறாள். "பஸ் ஸ்டாப் போர்டு வேணாம். ஸ்கூல் பேரு வேணாம்." "அப்புறம் எதைத்தான்க்கா காட்டுறது, வானத்தையா?" அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷனுக்குத் தெரியாமல் ஓடிவந்து பத்தொன்பது நாள்தான் ஆகிறது. குக்கர் விசிலடித்தாலே கதவுத் தாழ்ப்பாளைத் திரும்பிப் பார்க்கிறாள். ஜன்னல் வெயில் கத்தரிக்கோலின் மேல் விழுந்து கண்ணைக் கூசவைக்கிறது. "சரி, இதையாவது பாரு. காலையில நம்ம தெருவுல சும்மா எடுத்தேன், யாருக்கும் அனுப்பல." தங்கை நீட்டிய போனில் பேக்கரிக் கண்ணாடி நகர்கிறது, வாசலில் சுருண்டு படுத்த நாய் வருகிறது, பக்கத்தில் ஒருவன் முதுகைக் காட்டி நின்று மாடி ஜன்னல்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்க்கிறான். கோடு போட்ட சட்டை. எல்லாக் கோடும் நெடுக்காக இறங்க, வலது கையில் மட்டும் குறுக்கே ஓடுகின்றன. துணியைத் திருப்பிப் போட்டு வெட்டியது அக்காதான். அந்தத் தப்புக்கு அவனிடம் வாங்கிய அடியின் தழும்பு புருவத்தில் இருக்கிறது. அவள் கால் மெஷின் மிதியிலிருந்து சத்தமில்லாமல் இறங்குகிறது. "நல்லாத்தானே இருக்கு," என்கிறாள் தங்கை. "இதுலயும் ஏதாவது வெட்டணுமாக்கா?"