பூச்சு காயும்வரை

திருச்சூர் ஒத்திகைக் கூடத்தில் பிற்பகல் வெயில் ஓட்டிடுக்கு வழியாக இறங்குகிறது. ஜீன்ஸ் போட்ட ஸ்ரீகண்டன், "பார்த்துப் பூசுங்க சேட்டா, அழகு போயிடும்" என்று பாயில் மல்லாந்து படுக்கிறான். பச்சை பூசிய அவன் முகத்தின் தாடையோரம் அரிசிமாவுக் குழம்பை வரிவரியாக அப்புகிறேன். எங்கள் புது நாடகத்தில் கதகளி முகத்தோடு வரும் ஆலை முதலாளி இவன்தான். நான் இரவுக் காவல் வேலைக்கு ஓடிப்போன நான்கு மாதத்தில் என்னிடமிருந்து போன வேடம். அந்த வேலையையும் விட்டாயிற்று. பூச்சு காயும்வரை வாயசைத்தால் வெடித்துவிடும்; இவனால் பதில் சொல்ல முடியாது. "என்ன முதலாளி, நேத்து தாளத்தை விட்டுட்டு எங்கடா போனே, டீக்கடைக்கா? டைரக்டர் சேச்சி கவனிக்கலேன்னு நெனப்பா?" மூச்சு சீராக வருகிறது. குனிந்து பார்க்கிறேன். தூங்குகிறான். மேடையேற மூன்று மணி நேரம்தான் இருக்கிறது. எனக்கு எந்தக் காட்சிக்கு முன்பும் இப்படித் தூக்கம் வந்ததில்லை.